அடிபட்ட மீனை எங்கே வைப்பீர்கள்? மூன்று வகை ஆப்பிரிக்க சிக்லிட் தொட்டிகள்: ஓர் ஒப்பீடு

ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட் குடும்ப மீன்களை வளர்க்க விரும்பி, எம்புனா விடலாமா, பீகாக் விடலாமா, நத்தை ஓட்டில் குடியிருக்கும் சின்ன மீன்களே போதுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். நீலமும் மஞ்சளும் ஆரஞ்சுமாக மீன்கள் மொய்க்கும் படம். அவர்களிடம் நான் பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்பது வழக்கம்: அடிபட்ட மீனை எங்கே வைப்பீர்கள்? பாதிப் பேரிடம் அதற்குப் பதில் இருக்காது.

என்னிடமும் ஒரு காலத்தில் பதில் இல்லை. என் முதல் நான்கடித் தொட்டிக்கு, 'கலவை ஆப்பிரிக்கன்' என்று சொல்லி ஒரே தொட்டியில் போட்டு விற்கப்பட்ட குஞ்சுகளில் பன்னிரண்டைப் பொறுக்கி வந்தேன். அவற்றில் மூன்று, மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும் அழகிய மீன்கள். அவற்றின் பெயர் ஔராட்டஸ் என்று தெரியவே ஆறு மாதம் ஆயிற்று. எட்டாம் மாதம் அந்த மூன்றில் ஒன்று கறுக்கத் தொடங்கியது. மஞ்சள் உடம்பு கருமையாகி, கறுப்புக் கோடு இருந்த இடம் வெளிர்நீலமாயிற்று. பத்தாம் மாதத்தில் ஒரு நாள் காலை விளக்கைப் போட்டால், ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள மூன்று விரல் இடைவெளியில் ஒரு ரஸ்ட்டி சிக்லிட் தலையை மேலே தூக்கிச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. வாலில் நரம்புகள் மட்டும் மிச்சம். விலாவில் ஐந்தாறு செதில்கள் பெயர்ந்து வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது. எடுத்து வைப்பதற்கு அன்று என் வீட்டில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி.

இந்த ஒப்பீடு அந்த வாளியிலிருந்து தொடங்குகிறது.

## எதை வைத்து எடை போடுவது

தரைப்பரப்பு. லிட்டர் கணக்கைவிடத் தொட்டியின் நீள அகலம் முக்கியம். இந்த மீன்கள் உயரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதில்லை, தரையைத்தான் பங்கு போடுகின்றன. உயரமாக, ஒடுக்கமாக நிற்கும் அலங்காரத் தொட்டி எத்தனை லிட்டர் பிடித்தாலும் இவற்றுக்கு ஆகாது.

தண்ணீர். எம்புனாவும் பீகாக்கும் வாழும் மலாவி ஏரியின் பி.எச். (நீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும் எண்) ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை, நத்தை ஓட்டு மீன்கள் வாழும் தங்கனிக்கா ஏரி அதற்கும் மேலே, 9ஐ ஒட்டியது. இரண்டுமே காரத்தன்மையுள்ள, உப்புகள் கரைந்த நீர். உங்கள் குழாயில் வருவது ஏற்கெனவே கடின நீர் என்றால், பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் விடும் அந்தத் தண்ணீர்தான் இந்த ஒரு பொழுதுபோக்கில் வரம். மென்னீர் வருகிற வீடு என்றால் கூடுதல் வேலை உண்டு.

நிறம் யாருக்கு, எப்போது. சில இனங்களில் ஆணும் பெண்ணும் குஞ்சிலிருந்தே பளிச்சென்று இருக்கும். சிலவற்றில் ஆணுக்கு மட்டும், அதுவும் வளர்ந்த பிறகு, அதுவும் தொட்டியில் அந்தஸ்து கிடைத்த பிறகு.

தோற்றவனின் நிலை. சண்டை எல்லாவற்றிலும் உண்டு. தோற்ற மீன் தொட்டிக்குள்ளேயே பிழைக்க வழி இருக்கிறதா, இல்லை நீங்கள் வலையோடு ஓட வேண்டுமா என்பதுதான் வித்தியாசம்.

குஞ்சுகள். வரும். நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வரும்.

வாரந்தோறும் சுமக்கும் தண்ணீர். இதை எண்ணிக்கையோடு சொல்கிறேன், ஏனென்றால் தொட்டி வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

## எம்புனா: பாறையில் வாழும் ரவுடிகள்

மலாவி ஏரிக்கரையில் வாழும் தோங்கா மக்களின் மொழியில் எம்புனா என்றால் பாறை மீன். கரையோரப் பாறைகளின்மேல் படிந்திருக்கும் பாசியைச் சுரண்டித் தின்று வாழ்பவை. அந்தப் பாசிக்குள் குட்டிப் பூச்சிகளும் இருக்கும். அதையும் சேர்த்துத்தான் சுரண்டும். நல்ல பாறை என்றால் நல்ல மேய்ச்சல். மேய்ச்சலுக்குப் பட்டா கிடையாது, பல்தான் பட்டா. இவற்றின் சுபாவம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

நிறத்துக்கு இவற்றை அடிக்க ஆளில்லை. எல்லோ லேப் குஞ்சிலிருந்தே எலுமிச்சை மஞ்சள், ஆண் பெண் இரண்டுமே. டெமசோனி கருநீலமும் வெளிர்நீலமுமாகப் பட்டை போட்டது. அதிலும் இரு பாலும் ஒன்றுபோல் இருக்கும். சௌலோசியில் பெண் மஞ்சள், ஆண் நீலப் பட்டை. ஒரே இனத்தை விட்டாலே இரண்டு இனம் விட்டதுபோல் தெரியும். இயற்கையில் அது சிசுமுலு தீவுக்கு அருகிலுள்ள ஒரே ஒரு பாறைத் திட்டில் மட்டும் வாழ்வது, ஆகவே தொட்டியில் இனப்பெருக்கம் செய்த மீனாகக் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதத்தில் பலன் தெரிய வேண்டும், வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே நின்று பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு எம்புனாதான்.

தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் ஏறத்தாழ 240 லிட்டர். எம்புனாவுக்கு அதைத் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றடியில் சௌலோசி போன்ற ஒரே ஒரு சிறிய இனத்தை வளர்க்கலாம். கலந்து வளர்க்க முடியாது.

இங்கே ஒரு விசித்திரம். மற்ற மீன்களுக்குச் சண்டை வந்தால் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வோம். எம்புனாவுக்குக் கூட்டச் சொல்வோம். நான்கடித் தொட்டியில் ஆறு மீன் இருந்தால் முரடன் ஒன்றையே நாள் முழுவதும் துரத்தும். இருபது, இருபத்தைந்து இருந்தால் ஒன்றைத் துரத்தும்போது இன்னொன்று குறுக்கே வரும், கவனம் சிதறும், அடி பங்கிடப்படும். ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண் என்ற கணக்கும் இதற்குத்தான். டெமசோனியில் இது இன்னும் கறார்: பன்னிரண்டுக்குக் குறைந்தால் ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்த்து, கடைசியில் ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

ஆனால் கூட்டத்துக்கு ஒரு விலை உண்டு. இருபத்தைந்து மீனின் கழிவும் அதிலிருந்து வரும் அம்மோனியாவும், காரத்தன்மையுள்ள தண்ணீரில். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவே பி.எச். 8.5 என்றால் ஏறத்தாழ நூற்றில் பதினைந்து. சாதாரணத் தொட்டியில் 'பரவாயில்லை, நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடக்கூடிய அம்மோனியா அளவு இங்கே மீனைக் கொன்றுவிடும். அதனால் தொட்டியின் கொள்ளளவைப்போல் மணிக்கு ஆறு முதல் பத்து மடங்கு தண்ணீரைச் சுழற்றும் ஃபில்டர் வேண்டும், முடிந்தால் ஒன்றுக்கு இரண்டாக. வாரம் நாற்பது விழுக்காடு தண்ணீரை மாற்ற வேண்டும். 240 லிட்டரில் அது 96 லிட்டர். பதினைந்து லிட்டர் வாளியில் ஆறு, ஏழு நடை. வெளியே எடுப்பதற்கு ஆறேழு, உள்ளே ஊற்றுவதற்கு ஆறேழு. ஒரு நீளமான குழாயில் காசைப் போடுங்கள், இடுப்பு மிஞ்சும்.

பாறையும் செலவுதான். உட்காரும் அறையில் மலை கட்டுவதுபோல் கட்ட வேண்டும், ஒவ்வொரு மீனுக்கும் நுழைந்து வெளியேற இரண்டு வழியுள்ள பொந்து வேண்டும். ஒரே வாசல் உள்ள பொந்து, துரத்தப்படும் மீனுக்குச் சிறை. கல்லை மணலின்மேல் வைக்காதீர்கள். முதலில் அடிக்கண்ணாடியில் மெல்லிய தெர்மோகோல் தாள், அதன்மேல் கல், அதற்குப் பிறகு மணல். இவை தோண்டும் மீன்கள். மணலின்மேல் நிற்கும் பத்துக் கிலோ கல்லின் அடியை ஒரு வாரத்தில் காலி செய்துவிடும், அப்புறம் அது கண்ணாடிமேல் சாயும்.

உணவில் ஒரு பொறி இருக்கிறது. பாசி தின்பதற்கென்று அமைந்த நீளமான குடல் இவற்றுக்கு. ஸ்பைருலினா என்னும் பாசித்தூள் கலந்த உணவு, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, அவ்வளவே. ஆசையாக இறைச்சியும் ரத்தப்புழுவும் போட்டு வளர்த்து, அத்துடன் அடிபட்ட அழுத்தமும் அழுக்குத் தண்ணீரும் சேர்ந்தால் வயிறு ஊதும் நோய் வந்து சேரும். முதல் அடையாளம் வயிறு இல்லை; சாப்பாட்டை வாயில் வாங்கித் துப்புவதும், வெள்ளை நூல்போல் மலம் தொங்குவதும்தான். வயிறு ஊதிவிட்ட பிறகு பிழைப்பது அபூர்வம்.

குஞ்சு விஷயம்: பெண் முட்டைகளை வாயில் வைத்து மூன்று வாரம் போலச் சாப்பிடாமல் சுமக்கும். தாடை புடைத்திருப்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். வெளியே விடும்போது குஞ்சு ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும், பொந்துகளில் ஒன்றிரண்டு பிழைத்துவிடும். எல்லோ லேப்பும் ரெட் ஜீப்ராவும் ஒரே தொட்டியில் இருந்தால் கலப்புக் குஞ்சுகள் வரும். அவற்றை 'எல்லோ லேப்' என்று சொல்லி அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள்.

தோற்றவன் எங்கே போவான்? கூட்டத்துக்குள் ஒளிவான், முடியாவிட்டால் மேல்மூலைக்கு வருவான். மேல்மூலையில் நிற்கும் எம்புனா உங்களிடம் உதவி கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் போய்விடும். எம்புனாவை எடுப்பவர், இன்னொரு ஐம்பது லிட்டர் தொட்டியும் ஒரு சின்ன ஃபில்டரும் சேர்த்தே வாங்க வேண்டும். முரடர்களையும் முன்பே விலக்கிவிடுங்கள்: ஔராட்டஸ், கென்யி இரண்டும் கலவைத் தொட்டிக்கு ஆகாதவை. கென்யி குஞ்சில் அழகான நீலம். ஆண் வளர்ந்ததும் மஞ்சளாகும். அந்த மஞ்சளைப் பார்த்து அது சாதுவான எல்லோ லேப் என்று ஏமாந்தவர்கள் உண்டு.

## பீகாக், ஹாப்: ஆண்கள் மட்டும் வாழும் மாளிகை

பீகாக் மீன்களின் அறிவியல் பெயர் அவுலோனோகாரா. 'அவுலோஸ்' என்றால் கிரேக்கத்தில் குழல். முகத்தின் அடிப்பகுதியில் புல்லாங்குழல் துளைகள்போல் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும். அவற்றால்தான் மணலுக்குள் நெளியும் பூச்சியின் அசைவை உணர்கிறது. மணலுக்கு ஒரு விரல் உயரத்தில் அசையாமல் மிதந்து நிற்கும், சட்டென்று வாயை மணலுக்குள் புதைக்கும், செவுள் வழியே மணலைச் சிந்தும். இதற்காகவே மென்மையான மணல் போடுங்கள். கூழாங்கல் போட்டால் இந்தக் காட்சியே இருக்காது.

ஹாப் என்பது மலாவியின் திறந்த நீர் இனங்களுக்குப் பொதுப்பெயர். அடர்நீல ஃப்ரையெரி, நெற்றி புடைத்த மூரி, நிம்போக்ரோமிஸ் லிவிங்ஸ்டோனி எல்லாம் இதில் அடங்கும். லிவிங்ஸ்டோனி தரையில் பக்கவாட்டில் சாய்ந்து செத்ததுபோல் கிடக்கும். அழுகல்போன்ற அதன் திட்டுகளைக் கொத்த வரும் சின்ன மீனை விழுங்கிவிடும். பார்க்க அற்புதம்தான், ஆனால் 25 சென்டிமீட்டர் வளரும். நான்கடித் தொட்டிக்கு அதைக் கேட்காதீர்கள்.

பீகாக்கின் நிறம் எம்புனாவினுடையதைவிட ஆழமானது. உலோகப் பளபளப்பு, துடுப்பு விளிம்பில் வெள்ளைக் கீற்று, தோளில் செம்பு. ஆனால் எல்லாம் ஆணுக்கு. பெண் சாம்பல் பழுப்பு. அதிலும் எந்த இனத்துப் பெண் எது என்று பழகியவர்களே தடுமாறுவார்கள். ஆண்களோடு பல இனப் பெண்களையும் விட்டால் கலப்பு தவிர்க்க முடியாது. ஆகவே நிறத்துக்காக வளர்ப்பவர்கள் செய்வது ஆண்கள் மட்டுமுள்ள தொட்டி: ஒவ்வொரு வகையிலும் ஒன்று, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல். நான்கடியில் பன்னிரண்டு பதினைந்து பீகாக்கும் சிறிய ஹாப்பும் தாங்கும். ஆறடி இருந்தால் நிம்மதி.

இதன் மறைந்த செலவுகள் வேறு மாதிரி. முதலாவது காலம். சின்ன வயதில் ஆணா பெண்ணா என்று தெரியாது. பன்னிரண்டு ஆண் வேண்டுமென்றால் இருபத்தைந்து குஞ்சு வாங்கி, மாதக்கணக்கில் வளர்த்து, பெண்களை அப்புறப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் நிறம் வந்த ஆண்களாகவே வாங்க வேண்டும். அவற்றின் விலை குஞ்சின் விலையைப்போல் பல மடங்கு இருக்கும். இரண்டாவது மோசடி. நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் முழு நிறத்தில் மின்னும் பீகாக்கைக் கண்டால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஹார்மோன் கொடுத்தால் குஞ்சுக்கும் பெண்ணுக்கும்கூட நிறம் ஏறும். வீட்டுக்கு வந்து சில வாரங்களில் வெளுத்துப்போகும்.

மூன்றாவதைப் பலர் வளர்த்த பிறகே அறிகிறார்கள்: ஆணாக இருந்தும் நிறம் வராமல் போகலாம். பீகாக்கின் நிறம் அதன் பதவியைக் காட்டும் சட்டை. தொட்டியில் தன்னைவிட மேலே இருப்பவனைப்போன்ற சாயல் தனக்கு இருந்தால், அடிவாங்காமல் இருப்பதற்காகத் தன் நிறத்தை அடக்கிக்கொண்டு பெண்போல் சாம்பலாகவே இருந்துவிடும். பதினைந்து ஆண் வாங்கி ஏழுதான் ஒளிர்கின்றன என்று அங்கலாய்ப்பவர்கள் நிறமிகள் கலந்த உணவை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் இன்னொரு நீல ஆணை எடுத்துப் பாருங்கள், இரண்டு வாரத்தில் பதில் தெரியும்.

ஆகவே தோற்றவன் இங்கே பெரும்பாலும் சாவதில்லை, வெளுக்கிறான். எம்புனாவோடு பார்த்தால் இது பெரிய நிம்மதி. குஞ்சுத் தொல்லையும் இல்லை. உணவுக் கட்டுப்பாடும் அவ்வளவு இல்லை, இறால் துண்டு செரிக்கும். தண்ணீர் மாற்றும் வேலை எம்புனா அளவே. பொறுமையும் பெரிய தொட்டிக்கு இடமும் இருந்து, பரபரப்பை விரும்பாத வீடாக இருந்தால் இதற்குத்தான் என் ஓட்டு.

## நத்தை ஓட்டு மீன்கள்: இரண்டடியில் ஒரு கிராமம்

தங்கனிக்கா உலகின் ஆழமான ஏரிகளில் இரண்டாவது, ஏறத்தாழ 1,470 மீட்டர். அதன் அடியில் சில இடங்களில் நியோதௌமா என்னும் நத்தையின் காலி ஓடுகள் குவிந்து கிடக்கின்றன. கடின நீரானதால் ஓடு எளிதில் கரைவதில்லை. அந்த ஓடுகளை வீடாக்கிக்கொண்ட மீன்களில் ஒன்று மல்டிஃபேசியேட்டஸ். வளர்ப்பவர்கள் சுருக்கமாக மல்டி என்பார்கள். ஆண் நான்கரை சென்டிமீட்டர் இருக்கும், பெண் அதனினும் சிறிது. சிக்லிட் குடும்பத்திலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று.

நிறம்? முத்துப்போன்ற உடம்பில் மெல்லிய பழுப்புப் பட்டைகள், நீலக் கண். அவ்வளவுதான். படத்தைக் காட்டி 'இதைப்போல வேண்டும்' என்று கேட்டு வந்தவருக்கு இதை நான் பரிந்துரைத்தால் முகம் சுருங்கிவிடும்.

ஆனால் ஒரு மாலை இதன் முன் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பெண் மல்டி தன் ஓட்டின் வாசலில் நின்று வாய் நிறைய மணலை அள்ளுகிறது. பக்கத்து ஓட்டின் எல்லைவரை போய் அங்கே துப்புகிறது. திரும்பி வருகிறது. பக்கத்து ஓட்டுக்காரி வெளியே வந்து அதே மணலை அள்ளி இந்தப் பக்கமே திருப்பித் துப்புகிறாள். இப்படி ஒரு மணி நேரம் நடக்கும். இடையில் ஓட்டுக்குள்ளிருந்து கண்ணும் வாலும் மட்டுமான குஞ்சுகள் எட்டிப் பார்க்கும். முந்தைய ஈட்டில் பிறந்த பிள்ளைகள் பக்கத்திலேயே குடியிருக்கும். பெரிய தொட்டியில் நிறம் கிடைக்கும். குடும்பம் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், 54 லிட்டர் போதும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மென்மணல், மீனுக்கு இரண்டு மூன்று ஓடுகள் வீதம் தாராளமாக, ஆறு இளம் மீன்கள். வாரம் ஒரு வாளித் தண்ணீர் மாற்றினால் சரி. தனித் தாங்கி தேவையில்லை, உறுதியான மேசை தாங்கும். நீர் காரத்தன்மையோடு இருக்க வேண்டும் என்பதில் மட்டும் மலாவி மீன்களைவிடக் கொஞ்சம் கறார்.

தோற்றவனுக்கு இங்கே இடம் உண்டு: காலனியின் விளிம்பில் இன்னொரு ஓடு. கடிபடும், துரத்தப்படும், ஆனால் கதவடைத்துக்கொள்ள ஒரு வீடு இருக்கும். (ஒசெல்லேட்டஸ் என்ற உறவுக்கார மீனுக்கு இது பொருந்தாது. இரண்டு ஆண்களை இரண்டடியில் விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். மணலைக் கிளறப் போகும் உங்கள் விரலையும் கடிக்கும். வலிக்காது, வெட்கமாக இருக்கும்.)

மறைந்த செலவு, பெருக்கம். ஓராண்டில் ஆறு முப்பதாகலாம். கொடுத்துவிடலாம் என்று வலையை விட்டால் எல்லாம் ஓட்டுக்குள் போய்விடும். ஓட்டைத் தூக்கிக் கவிழ்த்து ஆட்ட வேண்டும், அப்போதும் மீன் சுருளின் உள்மூலையில் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு ஒரு முறை ஐந்து மீன் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

## ஒரே பார்வையில்

| | எம்புனா | ஆண் பீகாக், ஹாப் | நத்தை ஓட்டு மல்டி |
|---|---|---|---|
| குறைந்தபட்சத் தொட்டி | நான்கடி, 240 லிட்டர் | நான்கடி. பெரிய ஹாப்புக்கு ஆறடி | இரண்டடி, 54 லிட்டர் |
| நிறம் | பளிச். பல இனங்களில் இரு பாலுக்கும் | ஆழ்ந்த உலோக நிறம். ஆணுக்கு மட்டும் | மங்கல் |
| நிறம் வரும் காலம் | குஞ்சிலிருந்தே அல்லது சில மாதங்களில் | பல மாதங்கள், சமயத்தில் ஓராண்டு | பொருட்டில்லை |
| எண்ணிக்கை | 20 முதல் 25 | 12 முதல் 15 | 6இல் தொடங்கிப் பெருகும் |
| தோற்ற மீன் | மூலைக்குப் போகும், பிறகு சாகும் | வெளுக்கும் | வேறு ஓட்டுக்குப் போகும் |
| வாரத் தண்ணீர் | ஆறேழு வாளி | ஆறேழு வாளி | ஒரு வாளி |
| உணவு | தாவர உணவே பிரதானம் | கலந்த உணவு | பொடி உணவு, ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறால் |
| எதிர்பாராத செலவு | இரண்டாவது தொட்டி | ஆண்களைத் தேடுவது | குஞ்சுகளுக்கு வீடு தேடுவது |

## மூன்றுக்கும் பொதுவாக

எதை எடுத்தாலும் மீன் வாங்குவதற்கு முன் தொட்டியை நான்கிலிருந்து ஆறு வாரம் ஓடவிட்டு, ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவை நிலைகொள்ளச் செய்ய வேண்டும். காரநீரில் அம்மோனியா என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்.

நான்கடித் தொட்டியில் தண்ணீர் மட்டும் 240 கிலோ. கண்ணாடி, கல், மணல், தாங்கி சேர்த்தால் 350 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். தரை தாங்குமா, தாங்கி சமமாக நிற்கிறதா என்பதை வெறும் தொட்டியாக இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

மென்னீர் உள்ளவர்கள் பவள மணலைத் தரையில் போடலாம் அல்லது பவளத் துண்டுகளை ஃபில்டருக்குள் வைக்கலாம். மெதுவாகக் கரைந்து நீரைச் சமநிலையில் வைக்கும். சமையல் சோடாவும் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அதே அளவில் போடும் ஒழுங்கு உள்ளவர்களுக்கு மட்டும். பி.எச். எண்ணைத் துரத்தாதீர்கள். தொட்டியில் பிறந்து வளர்ந்த மலாவி மீனுக்கு நிலையான 7.8, இன்று 8.5 நாளை 7.5 என்று ஆடுவதைவிட எவ்வளவோ மேல்.

மின்சாரம் நின்றால் இருபத்தைந்து எம்புனா உள்ள தொட்டியில் ஆக்சிஜன் வேகமாகக் குறையும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று அலமாரியில் இருக்கட்டும். மல்டி தொட்டிக்கு இந்தப் பதற்றம் குறைவு.

இரண்டைக் கலக்கலாமா என்றும் கேட்கிறார்கள். எம்புனாவையும் பீகாக்கையும் ஆறடியில், எல்லோ லேப், ரஸ்ட்டி போன்ற சாதுவான எம்புனாக்களோடு, கண் வைத்துக்கொண்டே வளர்ப்பவர்கள் உண்டு. நான்கடியில் செய்தால் பீகாக் வெளுத்து, எம்புனாவின் உணவுக்கும் பீகாக்கின் உணவுக்கும் நடுவில் நீங்கள் திண்டாடுவீர்கள். மல்டியை மலாவி மீன்களோடு விடவே கூடாது. ஒரு வாய்க்குத்தான் காணும்.

## கலவைக் குஞ்சுகளை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா

அப்படியென்றால் தேர்வு ஓரளவு முடிந்துவிட்டது. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் எம்புனா. செய்ய வேண்டியது, யார் யார் என்று அடையாளம் காண்பது. பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றனவா, நீளவாக்கில் ஓடுகின்றனவா என்று முதலில் பாருங்கள். மஞ்சளில் நீளவாக்குக் கறுப்புக் கோடு என்றால் ஔராட்டஸ். ஐந்து சென்டிமீட்டர் ஆவதற்குள் வேறு இடம் பார்த்துவிடுங்கள். எண்ணிக்கை பத்துக்குக் கீழே என்றால் கூட்டுங்கள். புது மீன் விடும் நாளில் பாறைகளை இடம் மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். பழைய எல்லைகள் அழிந்துபோய் எல்லோரும் புதுக் குடிகளாகிவிடுவார்கள், சில நாளைக்காவது.

என் ரஸ்ட்டி அந்த வாளியில் இரண்டு நாள் இருந்து செத்தது. மறுநாள் ஐம்பது லிட்டர் தொட்டி ஒன்று வாங்கினேன், அடிபடுகிற மீனுக்கென்று. பிறகு யோசித்து, அடித்த ஔராட்டஸைப் பிடித்து அதற்குள் விட்டேன். பெரிய தொட்டி அன்று மாலையே அமைதியாயிற்று. எல்லா மீன்களும் நடுவில் வந்து நீந்தின. நான்காம் நாள் காலை உணவு போடும்போதுதான் கவனித்தேன்: மிச்சமிருந்த இரண்டு மஞ்சள் ஔராட்டஸில் ஒன்று, அதுவரை பெண் என்றே நான் நினைத்திருந்தது, வயிற்றடியிலிருந்து கறுக்கத் தொடங்கியிருந்தது.